பால்டிமோர் டூருக்கு முன் யாழினிக்கு எழுதியது

அன்புள்ள யாழினி,

பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்கள் லக்ராஸ் அணியை அடுத்த ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோருக்கு அழைத்துப்போகும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். போனில் சொன்னால் பாதி நினைவில் நிற்காது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டிக்கெட், பஸ் எல்லாம் நீ பார்த்துக்கொள்வாய். வலைத் தலை வைத்த ஸ்டிக்கால் பந்தை ஏந்தி எறியும் இந்த லக்ராஸ் ஆட்டத்தில் டூர் பெரும்பாலும் அங்கே கெடுவதில்லை. ஆட்டங்களைத் தப்பாகப் பொருத்துவதில்தான் கெடுகிறது. பதினெட்டுக்கு இரண்டு என்று மூன்று நாள் தொடர்ந்து தோற்ற பிள்ளைகளை எந்தச் சுற்றுலாவாலும் தேற்ற முடியாது.

அமெரிக்காவில் கிளப் அணிகளைப் பெரும்பாலும் வயதை வைத்துப் பிரிப்பதில்லை, ஹைஸ்கூல் முடிக்கும் ஆண்டை வைத்துப் பிரிக்கிறார்கள். இங்கே 10ஆம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு அங்கே ஒன்பதாம் வகுப்பு. டூர் நடக்கும் ஆண்டோடு மூன்றைக் கூட்டினால் எந்த அணியைக் கேட்க வேண்டும் என்பது வந்துவிடும். "அண்டர் 15" என்று மட்டும் எழுதினால் அவர்கள் ஒன்று நினைப்பார்கள், நீ ஒன்று நினைப்பாய். ஆண்டு பொருந்தினாலும் தரம் பொருந்தாது. ஒரே ஆண்டுக்கு ஒரு பெரிய கிளப்பில் இரண்டு, மூன்று அணிகள் இருக்கும். பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் ஐந்து, ஆறு வயதிலேயே கையில் ஸ்டிக் பிடித்த பிள்ளைகள் நிறைய. நம் பிள்ளைகளில் பலர் தொடங்கியதே பதினொரு வயதில். ஆகவே முதல் கடிதத்திலேயே இரண்டாவது அல்லது மூன்றாவது அணி வேண்டும் என்று கேள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. நம் அணியின் முழு ஆட்டம் ஒன்றை வீடியோவாக அனுப்பு. கோல்களை மட்டும் வெட்டி ஒட்டியதை அனுப்பினால் அவர்கள் நம்மைப் பெரிதாக எடைபோட்டுத் தங்கள் முதல் அணியைக் களத்தில் இறக்கிவிடுவார்கள். வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, வெளிமாநிலப் போட்டிகளுக்குப் போகிறார்களா என்ற இரண்டு கேள்விகளின் பதிலே மீதியைச் சொல்லிவிடும்.

பத்து நாளில் ஐந்து ஆட்டம் போதும். போய் இறங்கும் நாளில் ஆட்டம் வேண்டாம். ஹீத்ரோவிலிருந்து எட்டு மணி நேரம் பறந்து, ஐந்து மணி நேரம் பின்னால் போன உடம்பு அது. மறுநாள் லேசான பயிற்சி, மூன்றாம் நாள் முதல் ஆட்டம், அதுவும் இருப்பதில் எளிய அணியோடு. ஐந்தில் ஒன்றைக் கலப்பு ஆட்டமாக வை, இரண்டு அணிப் பிள்ளைகளையும் பாதிப் பாதி பிரித்து. பிள்ளைகளுக்குள் நட்பு உண்டாவது அந்த ஆட்டத்தில்தான். ஜூலை வார இறுதிகளில் அங்குள்ள கிளப்புகள் டோர்னமென்ட்டுக்குப் போய்விடும். செவ்வாய் முதல் வியாழன் வரை மாலை ஆறு மணிக்குக் கேட்டால் மைதானம் கிடைக்கும். டோர்னமென்ட் ஒன்றில் நம்மையும் சேர்த்துக்கொள்வதாக ஆசை காட்டுவார்கள். வெயிலில் ஒரே நாளில் மூன்று, நான்கு குறுகிய ஆட்டங்கள், இடையில் நிழலும் கிடைக்காது. எனக்குச் சம்மதமில்லை.

விதிகளில் வித்தியாசம் உண்டு. சர்வதேச விதிப்படி பெண்கள் ஆட்டம் பக்கத்துக்குப் பத்துப் பேர், அமெரிக்கப் பள்ளி விதிப்படி பன்னிரண்டு. தாக்கும்போது எதிரணி கோலுக்கு முன்னால் உள்ள கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி ஏழு பேர்தான் போகலாம். இதைப் பழகாமல் போனால் எட்டாவது ஆள் ஓடிப்போய் நின்று, அடித்த கோல் கணக்கில் வராமல் போகும். ஏப்ரலிலிருந்தே வாரம் ஒரு பயிற்சியைப் பன்னிரண்டு பேராக நடத்தச் சொல். டிராவுக்கு, அதாவது நடுக்களத்தில் இருவரின் ஸ்டிக்குகளுக்கு இடையே பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு, இரண்டு பிள்ளைகளைத் தனியாகத் தயார்செய். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் டிரா என்பதால், அதில் தோற்கும் அணிக்குப் பந்து கைக்கே வராது. அமெரிக்க அணிகள் அதற்கென்றே ஆள் வைத்துப் பழகுகின்றன. பத்து கோல் வித்தியாசம் வந்ததும் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிடும் வழக்கம் அங்கே உண்டு. அதை ஆட்டத்துக்கு முன்பே இரு கோச்சுகளும் பேசி வைத்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி நேரமாவது ஆட வேண்டும். முன்பணம் வாங்கும் முன்பே இதைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுத்துவிடு. அமெரிக்கக் கல்லூரிக் கோச்சுகள் பார்க்க வருவார்களா என்று சிலர் கேட்பார்கள். கல்லூரி ஆட்டத்தின் மேல்நிலையான டிவிஷன் ஒன் கோச்சுகள் பதினோராம் வகுப்பு தொடங்கும் செப்டம்பர் 1க்கு முன் பிள்ளையோடு ஆள்சேர்ப்புப் பேச்சே நடத்தக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு அந்த வயது வரவில்லை என்று தெளிவாகச் சொல்.

அணியில் இருபது பேர், அதில் கோல்கீப்பர் இரண்டு. ஒரே கோல்கீப்பரோடு கிளம்புவது பெரிய தவறு. அவளுக்கு விரல் பிசகினால் டூரே அங்கே நின்றுவிடும். பெரியவர்கள் நான்கு பேர், இருவராவது பெண்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையோடு இருந்தாலும் அணியோடு மூன்று பேர் மிஞ்ச வேண்டும்.

இங்கே பலர் கண் கவசம் இல்லாமல் ஆடுவார்கள். அமெரிக்காவில் அது கட்டாயம். ஏ.எஸ்.டி.எம். எஃப் 3077 தரமும் எஸ்.இ.ஐ. முத்திரையும் உள்ள காகிள்ஸ் இல்லாத பிள்ளையை அம்பயர் களத்தில் இறங்க விடமாட்டார். மலிவு என்று ஆன்லைனில் வாங்கினால் முத்திரை இருக்காது, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார். ஜூலையில் கையில் கொடுத்தால் கம்பி கண்ணை மறைக்கிறது என்று பந்தைத் தவறவிடுவார்கள். பிப்ரவரியிலேயே போட்டு ஆடட்டும். கோல்கீப்பரின் நெஞ்சுக் கவசத்தில் நாக்சே என்.டி. 200 குறி இருக்க வேண்டும். நெஞ்சில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் பந்து பட்டால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம், அதைத் தடுக்கத்தான் அந்தத் தரம் வந்தது. ஒவ்வொரு மைதானத்திலும், நின்ற இதயத்தை மின்னதிர்வால் மீட்கும் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது என்று போனவுடன் கேட்டுக்கொள். மவுத்கார்ட் வெள்ளையாகவோ நிறமில்லாமலோ வேண்டாம், தூரத்திலிருந்தே தெரியும் நிறமாக இருக்கட்டும்.

விமானத்தில் ஸ்டிக்கைக் கையோடு கொண்டுபோக முடியாது. வலைத் தலையைக் குழாயோடு பிடித்திருக்கும் ஒரே திருகாணியைக் கழற்றினால், குழாய் 81 சென்டிமீட்டர் அளவில் பெரிய பெட்டிக்குள் மூலைக்கு மூலை படுத்துவிடும். திருகாணியைச் சின்ன ஜிப் பையில் போட்டு அந்தக் குழாயிலேயே ஒட்டச் சொல். உதிரியாக முப்பது திருகாணி எடுத்துப் போ. திரும்பப் பூட்டும்போது அழுத்தித் திருகினால் பிளாஸ்டிக்கில் துளை தேய்ந்து தலை ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் குழாய் முனையில் ஒரு சுற்று மாஸ்கிங் டேப் போதும்.

பாக்கெட்டை, அதாவது ஸ்டிக்கின் தலையில் பந்து தங்கும் வலைப்பையைத்தான் தினமும் பார்க்க வேண்டும். மேரிலாந்தின் ஈரக்காற்றில் தோல் வார்கள் இளகித் தொங்கும். பாக்கெட் ஆழமாகிப் பந்தின் மேற்பகுதி பக்கச் சுவருக்குக் கீழே போய்விட்டால் ஸ்டிக் செல்லாது. பந்தைப் போட்டுக் கண் மட்டத்தில் தூக்கிப் பார்த்து, வார்களை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் அம்பயரிடம் அனுப்ப வேண்டும். காய்ந்ததும் அதே வார் இறுகும், மறுபடி தளர்த்த வேண்டியிருக்கும். பிள்ளைகளே இதைச் செய்யப் பழகட்டும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எஸ்டா, விசாவுக்குப் பதிலாக இணையத்தில் வாங்கும் பயண அனுமதி அது. 2025 செப்டம்பர் 30ல் கட்டணம் 40 டாலராக உயர்ந்தது, இப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள். அரசு தளத்தில் மட்டும் விண்ணப்பிக்கட்டும், மற்ற தளங்கள் கூடுதலாகப் பிடுங்கும். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு எஸ்டா கிடையாது. அவர்களுக்குச் சுற்றுலா விசாவும், தூதரக நேர்காணல் தேதியும் வேண்டும். அந்தத் தேதிக்குப் பல மாதம் காத்திருக்க நேரலாம், இதை இந்த வாரமே கேட்டுவிடு. 2021 ஜனவரி 12 அல்லது அதற்குப் பிறகு குடும்பத்தோடு கியூபாவுக்கு விடுமுறை போய்வந்த பிள்ளை இருந்தால் அவளுக்கும் எஸ்டா கிடைக்காது. இரு பெற்றோரின் சம்மதக் கடிதம் எல்லாருக்கும். இன்னொன்று: விமானமும் தங்குமிடமும் சேர்த்து கிளப் பணம் வாங்கினால், 2018 பேக்கேஜ் பயண விதிகளின்படி கிளப்பே ஏற்பாட்டாளர் ஆகிவிடலாம். எப்போதாவது, லாப நோக்கமில்லாமல், ஒரு சிறு குழுவுக்கு மட்டும் செய்வதற்கு விலக்கு உண்டு. அது நமக்குப் பொருந்துமா என்று கிளப் செயலாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்.

இனி பிள்ளைகள் தங்கப்போகும் வீடுகள். அந்த ஊர்க் குடும்பங்கள் அன்பானவர்கள், ஆனாலும் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். குற்றப் பின்னணி பார்க்கும் நம் டி.பி.எஸ். சோதனை அங்கே செல்லாது. வீட்டில் உள்ள பெரியவர்களுக்குப் பின்னணிச் சோதனை நடந்திருக்கிறதா என்று அவர்கள் கிளப் எழுத்தில் தரட்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளுக்குக் குறையக் கூடாது, ஆளுக்கொரு படுக்கை. துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் குண்டுகளைத் தனியாக எடுத்துப் பூட்டி வைக்கிறார்களா என்று கேள். அங்கே பெற்றோர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் கேள்விதான் அது. நீச்சல் குளம், நாய், பூனை இதெல்லாம் அதே படிவத்தில் வரட்டும். அங்கே பதினாறு வயதிலேயே கார் ஓட்டுவார்கள். அந்த வீட்டு அக்கா, அண்ணன் ஓட்டும் காரில் நம் பிள்ளைகள் ஏறக் கூடாது, இதற்கு விதிவிலக்கே இல்லை. பிள்ளைக்கு அந்த வீடு பிடிக்கவில்லை என்றால் உனக்கு அனுப்ப ஒரு குறிச்சொல் சொல்லிக்கொடு. அது வந்தால் காரணம் கேட்காமல் போய் அழைத்து வா. ஒரு ஹோட்டல் அறை கைவசம் இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸில் லக்ராஸ் என்ற பெயர் எழுதியிருக்க வேண்டும், "விளையாட்டு" என்று பொதுவாக இருந்தால் போதாது. கால் பிசகினால் அர்ஜென்ட் கேர் என்ற சிறு கிளினிக்குக்குப் போ, அவசரப் பிரிவுக்குப் போனால் பில் பல மடங்கு. பெற்றோர் கையெழுத்திட்ட சிகிச்சைச் சம்மதம் இல்லாவிட்டால் உயிருக்கு அவசரமில்லாத சிகிச்சையை அங்கே மறுக்கலாம், அதன் நகல் உன் கைப்பையிலேயே இருக்கட்டும். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடு. நம் நாட்டு வழிகாட்டுதல்படி 21 நாளுக்குள் போட்டிக்குத் திரும்பக் கூடாது, அதாவது அவளுக்கு இந்த டூரில் ஆட்டம் முடிந்தது. இருபது பேர் என்று நான் சொல்வது அதற்காகத்தான். இடி கேட்டால் எல்லாரும் பஸ்ஸுக்குள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் களம் திறக்கும், ஆகவே மைதானத்தை இரண்டரை மணி நேரத்துக்கு எடு. செயற்கைப் புல் வெயிலில் காற்றைவிட மிக அதிகமாகச் சுடும். இரண்டு ஜோடி காலுறை, இடைவேளையில் மாற்ற.

ஆட்டம் முடிந்ததும் அவர்கள் சாப்பாடு வைப்பார்கள். அங்கே நண்டு விசேஷம். நண்டு, இறால் ஒவ்வாமை, மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவம் என்று பட்டியலை இரண்டு வாரம் முன்பே அனுப்பு. வெளியில் சாப்பிட்டால் விலையோடு ஆறு சதவீத வரி, அதன்மேல் பதினெட்டு முதல் இருபது சதவீத டிப்ஸ் சேரும் என்று கைச்செலவுக் கணக்கில் போடு.

ஒரு மதியத்தை ஸ்பார்க்ஸ் ஊரில் உள்ள லக்ராஸ் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கு. ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில் 1890ல் பெண்கள் ஆடத் தொடங்கியது, அங்கே படித்த ரோசபெல் சின்க்ளேர் 1926ல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் அணி தொடங்கியது, இதெல்லாம் தெரிந்தால் பிள்ளைகள் தங்களை வெறும் விருந்தாளியாக நினைக்கமாட்டார்கள். அதற்கும் முன்னால், இது வட அமெரிக்கப் பழங்குடிகளான ஹொடெனொஷோனி மக்களின் ஆட்டம், படைத்தவன் கொடுத்தது என்றும் நோய் தீர்ப்பது என்றும் அவர்கள் மதிப்பது. 2010ல் மான்செஸ்டரில் உலகப் போட்டி நடந்தபோது அவர்களுடைய பாஸ்போர்ட்டை நம் அரசு ஏற்க மறுத்து அவர்கள் வர முடியாமல் போனதையும் சொல். நம் ஊரில் நடந்தது, பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது. அவர்கள் மரபில் ஆண்களின் மரஸ்டிக்கைப் பெண்கள் தொடுவதில்லை. எங்காவது ஒருவர் கையில் அதைப் பார்த்தால் ஆசையில் கை நீட்டாமல் தள்ளி நின்று கேட்கச் சொல். சிரக்யூஸ் பக்கம், அந்த மக்கள் வாழும் ஒனண்டாகா வரை போகலாமா என்று கேட்டிருந்தாய். பஸ்ஸில் ஒரு வழிக்கே ஐந்தரை மணி நேரம். இந்த முறை வேண்டாம் கண்ணு.

பாஸ்போர்ட் பட்டியலையும் இரண்டாவது கோல்கீப்பர் யார் என்பதையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. எதிரணிகளுக்கு எழுதும் முதல் கடிதத்தை அனுப்பும் முன் எனக்கும் காட்டு, சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா