சூடேற்றி வைத்த இன்ஜினைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வாங்குவோருக்குத் தங்கள் நாளிதழ் சொல்லியிருந்த யோசனைகளைப் படித்தேன். ஆர்.சி. புத்தகம், கடன் நிலுவை, காப்பீடு, டயர் எல்லாம் இருந்தன. டர்போவைப் பற்றி, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறியைப் பற்றி, ஒரு வரிகூட இல்லை. இன்று கைமாறும் டீசல் கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் டர்போ உண்டு; சிறிய பெட்ரோல் கார்களுக்கும் வந்துவிட்டது. 26 ஆண்டுகளாக நாமக்கல்லில் டீசல் இன்ஜின் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர் 2014ஆம் ஆண்டு டீசல் கார் ஒன்றை ஓட்டி வந்தார். 3 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்து வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. விற்றவர் இடத்தில் சாவியைத் திருப்பியதும் புகையே இல்லாமல் கிளம்பிய வண்டி, மறுநாள் காலை அவர் வீட்டு வாசலையே நீலப் புகையால் மூடிவிட்டதாம். காற்று ஹோஸைக் கழற்றி டர்போ தண்டின் முனையைப் பிடித்தேன். முன்னும் பின்னும் அசைந்தது. பிளேடுகள் கூட்டில் உரசிய தடம் தெரிந்தது. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஆயில் தேங்கி நின்றது. செலவு 46,000 ரூபாய்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் கசடு கட்டி, டர்போவுக்குப் போகும் வழி அடைபடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் விரட்டி ஏறி, மேலே நிறுத்திய நொடியே இன்ஜினை அணைக்கிறார்களே, அப்போது டர்போவுக்குள் நின்றுவிட்ட ஆயில் அந்தச் சூட்டில் கருகுகிறது. ஒரு நிமிடமாவது ஓடவிட்டு அணைக்க வேண்டும். கிலோமீட்டரைப் பார்ப்பதைவிட ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

காலையில் போங்கள். ‘நான் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்’ என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது வரும் புகை, முன்பே சூடேற்றி வைத்த இன்ஜினில் தெரியாமல் போகலாம். அதனால் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகையோடு இழுவையும் இல்லை என்றால் காற்று ஹோஸ் கசிவோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ, டர்போவோ காரணமாக இருக்கலாம். சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் இனிப்பு வாடையும் அடித்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட், டீசல் எரியும் இடத்துக்குள் போகிறது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அதே வாயில் கவிழ்த்து வையுங்கள். மூடி துள்ளி, புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் ரிங் தேய்ந்திருக்கக் கூடும். ஆனால் டீசல் ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அதுபோலத் தண்டில் பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பதும் இயல்புதான். முன்பின் ஆட்டம்தான் ஆபத்து.

ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டி வரும்போது வண்டி பிடித்துத் தள்ளுவது முதுகில் தெரிய வேண்டும். தள்ளாமல் சைரன் போல ஊளையிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

பழைய வாகன வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி செய்தது. 2023 ஏப்ரல் முதல் அது நடப்பில் இருக்கிறது. வாங்குபவர் தன் மெக்கானிக்கை அழைத்து வந்து, குளிர்ந்த இன்ஜினைச் சோதித்த பிறகே வியாபாரி முன்பணம் வாங்க வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிபாளையத்துக்காரர் பணம் கொடுக்கும் முன் என்னை அழைத்திருந்தால் அரை மணி நேர வேலை. 300 ரூபாய்க்கு மேல் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
நாமக்கல்.