வேண்டாம் என்று சொல்ல ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கு உரிமை இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம். ஆஸ்திரேலியா யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகக் கிடந்தது என்ற பொய்யை பூர்வகுடிகளின் நில உரிமைக்காகப் போராடிய எடி மாபோவின் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1992-லேயே தூக்கிப் போட்டது, அடுத்த ஆண்டே பூர்வகுடி நில உரிமைச் சட்டமும் வந்தது. சரி, அப்புறம்? 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஜூகன் பள்ளத்தாக்கில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கிய பாறைக் குகைகளை இரும்புத்தாதுக்காக ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்தது. அங்கே ஏற்கெனவே கிடைத்திருந்த, சுமார் 4,000 ஆண்டு பழைய பின்னிய தலைமுடி, அந்த மண்ணின் மக்களுடைய முன்னோர்களின் முடிதான் என்று மரபணுச் சோதனையே சொன்ன பிறகும் இப்படி! அதுவும் மாநிலச் சட்டப்படி அனுமதி வாங்கியே செய்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் பூர்வகுடி நில உரிமைச் சட்டப்படி, சுரங்கம் வரும்போது பேச்சுவார்த்தைக்கு உட்கார அந்த மக்களுக்கு உரிமை உண்டாம், தடுக்க மட்டும் கிடையாதாம். முதலில் அந்தச் சட்டத்தைத் திருத்தட்டும்.