கடை விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள்

மதுரை மாநகர காவல் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் சூட்கேஸ், பை விற்கும் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதி அலுத்துவிட்டதால், எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன். கூடுதலாகப் போலீஸ் போடுங்கள் என்று கேட்கப் போவதில்லை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் ஜனம் லட்சக்கணக்கில் நெரியும்போது உங்கள் ஆட்கள் பார்க்கிற வேலையை வருஷா வருஷம் பார்க்கிறோம். குறை சொல்ல வாய் வராது. நான் சொல்ல வந்தது திருவிழா எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை மணியைப் பற்றி.

அந்த நேரத்தில்தான் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கிற பெண்கள் வெளியே வருவார்கள். திருமங்கலம், திருப்பரங்குன்றம் பஸ்ஸைப் பிடிக்கப் பெரியார் நிலையத்துக்குப் போக வேண்டும். எங்கள் சந்து அவர்களுக்குக் குறுக்குவழி. சந்து முனையில் இரண்டு பைக்கைக் குறுக்கே போட்டு, சீட்டின் மேல் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், மிக்சர் பொட்டலம் என்று பரப்பியிருப்பார்கள். யாரையும் தொட மாட்டார்கள். வண்டியை நகர்த்தவும் மாட்டார்கள். அந்தப் பெண்கள் தோளைச் சுருக்கிக்கொண்டு இடுக்கில் நுழைகிற நேரம் பார்த்து ஒருவன் ஆக்ஸிலேட்டரை முறுக்குவான். சிரிப்பு. அப்புறம் ஒரு பாட்டு. இந்தச் சலம்பலை எந்தப் பிரிவில் எழுதுவது என்று ஒரு ஏட்டையா என்னிடமே கேட்டார்.

ஏன் புகார் கொடுக்கவில்லை என்று அந்தப் பெண்களில் ஒருவரைக் கேட்டேன். "ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்குப் போன் வரும்ணே. மறுநாளே வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்லிருவாங்க" என்றார். இப்போது ஐந்தாறு பேராகச் சேர்ந்து சுற்றுவழியில் போகிறார்கள். உங்கள் பதிவேட்டைப் புரட்டினால் எங்கள் சந்து பரம சாதுவான சந்தாகத்தான் தெரியும்.

ஏட்டையாவின் கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை. பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 1888-ஆம் வருஷத்து நகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்கிறவர்களுக்கானது. பழைய தண்டனைச் சட்டத்தில் இதற்கு அபராதம் அதிகபட்சம் பத்து ரூபாய். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆவது பிரிவு அதை ஆயிரம் ரூபாயாக்கி, சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. விதிக்க வேண்டியது நீதிமன்றம், தெரியும். ஆனால் பைக் பார்ட்டிகளை விடிகாலையில் அதே சந்தைக் கூட்டவைத்தால், விளக்குமாறு நான் வாங்கித் தருகிறேன்.

ஆனால் '75 கேஸ்' யார் மேல் விழுகிறது? பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு, ஒரு குவார்ட்டரைப் போட்டு, ஷட்டர் ஓரம் சுருண்டு கிடக்கிற லோடுமேன் மேல். அவர் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. பிடித்தால் ஓடவும் மாட்டார். பைக் பார்ட்டிகளைப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் யாரிடமிருந்தாவது போன் வரும். எண்ணிக்கைக்காகத்தான் ஆள் பிடிக்கிறார்கள் என்று தெருவில் ஒரு நினைப்பு இருக்கிறது. தப்பான நினைப்பு என்றால் திருத்த வேண்டியது நீங்கள்தான்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. பைக் நிற்கிற அந்த முனையில் முன்பு ஒரு சுண்டல் வண்டி நின்றது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றினார்கள். வண்டி போனதும் அதன் விளக்கு போனது, சுற்றி நின்ற ஆட்களும் போனார்கள். இடம் மட்டும் காலியாகவில்லை. சந்தின் மறுமுனையில் ஒரு பரோட்டாக் கடையும், அதை ஒட்டித் தள்ளுவண்டியில் இட்லி போடுகிற ஒரு அக்காவும் இருக்கிறார்கள். அந்த முனையில் எந்தத் தொந்தரவும் இல்லை. எவனாவது வண்டியைக் குறுக்கே போட்டால், "டேய், எடுங்கடா, பிள்ளைக வருதுக தெரியல?" என்று அக்கா கரண்டியோடு ஒரு அதட்டல் போடுவார். எடுத்துவிடுவார்கள்.

பத்து மணிக்கு டாஸ்மாக் அடைக்கிறது, குடித்த கூட்டம் மொத்தமும் தெருவுக்கு வருகிறது. பத்தரைக்கு உங்கள் ரோந்து ஜீப் வந்து, மைக்கில் "கடையைச் சாத்து" என்கிறது. கூட்டத்தைத் தெருவில் வைத்துவிட்டு, அதட்டக்கூடிய ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறோம். அதற்குப் பிறகு ரயிலில் இறங்கி, குழந்தையும் பெட்டியுமாக லாட்ஜ் தேடி வருகிற குடும்பம் இருட்டுக்குள் புரோக்கர்களிடம் மாட்டுகிறது. தூங்கா நகரம் என்று பேர் மட்டும் இருக்கிறது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-லேயே அரசாணை போட்டார்கள். அக்காவின் வண்டி அதில் வராது, சரி. சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014-இல் வந்த சட்டம் இருக்கிறதே. மாநகராட்சியோடு பேசி, சந்துக்கு ஒரு உணவு வண்டியையாவது பன்னிரண்டு மணி வரை விட்டுவையுங்கள்.

கடை அடைக்கும் நேரம் என்றாலே வியாபாரிகளுக்கு வயிறு கலங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித்தான் அப்பாவையும் மகனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேருமே உயிரோடு திரும்பவில்லை. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பைக் பையன்களை அடித்து, மாவுக்கட்டோடு போட்டோ போடுவது எங்களுக்கு வேண்டாம்.

வேண்டியது நடக்கிற போலீஸ். பக்கத்து நகைக்கடையில், ரோந்து வந்ததற்குக் கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகம் தொங்குகிறது. எங்கள் பகுதிக்கு ரோந்து வருகிற பீட் காவலர் வருவார், வண்டியை அணைக்காமலே ஒரு காலை ஊன்றிக் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அவர் பேர் எங்களுக்குத் தெரியாது, எங்கள் பேர் அவருக்குத் தெரியாது. ஒரே காவலர், தினமும் ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை, மேலமாசி வீதியிலிருந்து மேலவெளி வீதி வரை நடக்கட்டும். ஒரு மாசத்தில் பைக் யாருடையது, எந்த வீட்டுப் பையன் என்று அக்காவே சொல்லிவிடுவார்.

இன்னொன்று. போன முறை புகாரோடு போனபோது, "இது எங்க லிமிட் இல்ல" என்றார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல விரும்பவில்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலை வாங்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டமே சொல்கிறது. மனுவை வாங்கி, வாங்கியதற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீதாவது கொடுங்கள். புகார் கொடுத்த பெண் எந்த எண்ணைத் தருகிறாரோ அதில் மட்டும் பேசச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன் வேண்டாம்.

பீட் காவலரின் பேரும் செல் நம்பரும் எழுத என் கடைச் சுவரைத் தருகிறேன். பெயின்ட் செலவும் என்னுடையது. காவலர் மாறினால் அழித்து எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துக் கடைக்காரன்