"நிறுவினார்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

சென்னை தினச் சிறப்பிதழ் தயாரிக்கும் ஆசிரியர் குழுக்களுக்கும், அதையொட்டி மாணவர்களுக்கு விநாடி வினாத் தாள் தயாரித்துத் தரும் பெரியோர்களுக்கும்,

வணக்கம்.

எந்த வரியைப் பற்றி எழுதுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். "சென்னையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தை நிறுவினார்." ஆகஸ்ட் 22 நெருங்கினால் இந்த வரி வந்துவிடுகிறது. திருத்தச் சொல்லிப் பலர் பலமுறை எழுதியும் ஆயிற்று. இந்த ஆண்டு அது வினாத்தாளிலும் ஏறிவிட்டது. "யேல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் யார்?" என்ற கேள்விக்குக் கீழே நான்கு பெயர்கள்: எலிஹு யேல், ஜான் ஹார்வர்ட், ராபர்ட் கிளைவ், தாமஸ் மன்றோ.

நான்கும் தவறு. நூலகத்தில் உட்கார்ந்து படித்து, சரியான விடையைத் தெரிந்துகொண்டு வந்த பிள்ளைக்கு அந்தத் தாளில் பேனா வைக்க இடமே இல்லை. சிறப்பிதழை மட்டும் புரட்டிவிட்டு வந்த பிள்ளைக்கு முழு மதிப்பெண். படித்த பிள்ளையைத் தோற்கடிக்கும் ஒரு கேள்வியை, அதுவும் வரலாற்றின் பெயரால், எப்படி வைத்தீர்கள் என்பதுதான் எங்கள் ஆற்றாமை. ஆகவே மரியாதையுடன் கேட்கிறோம்: "நிறுவினார்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

நடந்தது இதுதான். 1701 அக்டோபர் 9 அன்று, அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்திருந்த கனெக்டிகட் குடியேற்றத்தின் சட்டமன்றம் நியூ ஹேவனில் கூடி, பின்னாளில் யேல் ஆன ஒரு "கல்லூரிப் பள்ளி" தொடங்க உரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. திருச்சபைப் பணிக்கும் அரசுப் பணிக்கும் தகுதியான இளைஞர்களை உருவாக்குவதே நோக்கம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பொறுப்பு பத்துப் பாதிரிமார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஹார்வர்டில் படித்தவர்கள். பிரான்ஃபோர்டில் ஒரு வீட்டில் கூடி, ஆளுக்குச் சில புத்தகங்களை மேசைமேல் வைத்து, "இக்குடியேற்றத்தில் ஒரு கல்லூரி அமைய இந்நூல்களைத் தருகிறேன்" என்று ஒவ்வொருவரும் சொன்னதாகக் கல்லூரியின் மரபு கூறுகிறது. எலிஹு யேல் அப்போது லண்டனில் இருந்தார். அவருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

முதல் தலைவர் ஆபிரகாம் பியர்சன். கில்லிங்வொர்த் ஊரின் போதகர். தன் வீட்டிலேயே பாடம் நடத்தினார். 1702இல் சேர்ந்த முதல் மாணவர் ஜேக்கப் ஹெமின்வே. முதல் அரையாண்டுக்கு அவர் ஒருவர்தான் மொத்தக் கல்லூரியும். 1707இல் பியர்சன் இறந்தார். பள்ளி சேப்ரூக்குக்குப் போனது. ஆனால் இடைக்காலத் தலைவராக வந்த சாமுவேல் ஆண்ட்ரூ தன் சபை இருந்த மில்ஃபோர்டை விட்டு அசையவில்லை. கடைசி வகுப்பு மாணவர்கள் அவரிடம் போய்ப் படித்தார்கள். மற்றவர்களுக்குச் சேப்ரூக்கில் துணை ஆசிரியர்கள் பாடம் சொன்னார்கள். 1716இல் பள்ளியை நியூ ஹேவனுக்கு மாற்றப் பெரும்பான்மை நிர்வாகிகள் முடிவெடுத்ததும், ஹார்ட்ஃபோர்டு பக்கத்தவர்கள் ஒத்துக்கொள்ளாமல் வெதர்ஸ்ஃபீல்டில் தனியாக வகுப்பு நடத்தினார்கள். பின்னாளில் பெரும் இறையியலாளராகப் பெயர்பெற்ற ஜோனதன் எட்வர்ட்ஸ் அந்தப் பிரிந்துபோன வகுப்பில் படித்தவர்தான். 1718 செப்டம்பரில் நியூ ஹேவனில் ஒரு பட்டமளிப்பு, வெதர்ஸ்ஃபீல்டில் போட்டியாக இன்னொன்று.

புத்தகச் சண்டையைச் சொல்லாமல் இந்தக் கல்லூரியின் கதையைச் சொல்ல முடியாது. நூலகம் சேப்ரூக்கில் ஒரு வீட்டில் இருந்தது. 1714இல் குடியேற்றத்தின் லண்டன் முகவர் ஜெரமையா டம்மர் திரட்டி அனுப்பிய 800க்கும் மேற்பட்ட நூல்கள் அதில் அடக்கம். ஐசக் நியூட்டன் கொடுத்த அவருடைய சொந்த நூல்களும் அவற்றுள் இருந்தன. யேலும் அப்போது சில நூல்கள் கொடுத்தார். 1718 டிசம்பரில் அந்நூல்களை நியூ ஹேவனுக்குக் கொண்டுபோக ஷெரீப் (அரசின் காவல் அதிகாரி) வந்தபோது ஊர்க்காரர்கள் மறித்தார்கள். கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. வண்டிகளைச் சேதப்படுத்தினார்கள், வழியிலிருந்த பாலங்களைப் பெயர்த்துப் போட்டார்கள். ஒருவழியாக நூல்கள் போய்ச் சேர்ந்தபோது ஏறத்தாழ 250 காணவில்லை. ஒரு கல்லூரி வேர்விட 17 ஆண்டுகள் இத்தனை பேர் இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள். இவ்வளவையும் "நிறுவினார்" என்ற ஒற்றைச் சொல் துடைத்துப்போடுகிறது.

அப்படியானால் யேல் எங்கே வருகிறார்? பெயரில் வருகிறார். நியூ ஹேவனில் எழும்பிக்கொண்டிருந்த நீண்ட மரக் கட்டடத்தை முடிக்கப் பணம் போதவில்லை. யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். மூன்று வயதளவில் ஊரைவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. ஆனால் அவருடைய பாட்டி மறுமணம் செய்துகொண்ட தியோஃபிலஸ் ஈட்டன்தான் நியூ ஹேவன் குடியேற்றத்தின் முதல் ஆளுநர். அந்த உறவைப் பிடித்துக்கொண்டு டம்மர் அவரை நெடுநாள் நச்சரித்தார். யேல் உடனே இசையவில்லை. தான் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவன், அதிலிருந்து விலகி நிற்பவர்களின் கல்லூரிக்குக் கொடுக்கலாமா என்ற தயக்கம் அவருக்கு இருந்தது.

1718 ஜனவரி 14 அன்று பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் அவருக்குக் கடிதம் எழுதினார். நியூ ஹேவனில் உருவாகிவரும் கல்லூரி "யேல் கல்லூரி" என்ற பெயரைத் தாங்கினால், அது மகன்களாலும் மகள்களாலும் நிலைக்கும் பெயரைவிட மேலானது, எகிப்தியப் பிரமிடைவிடவும் மேலானது என்பது கடிதத்தின் சாரம். இந்த இடத்தில்தான் சென்னைக்கு உண்மையான தொடர்பு இருக்கிறது. அதை நீங்கள் ஒருமுறையும் அச்சிட்டதில்லை. யேலின் மகன் டேவிட் 1688இல் சிறு பிள்ளையாக மதராஸில் இறந்தான். அவனைப் புதைத்த கல்லறை இன்றும் உயர் நீதிமன்ற, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. பெயர்சொல்ல மகன் இல்லாத செல்வந்தர் என்பதாலேயே கனெக்டிகட்காரர்கள் அவரை நாடினார்கள். 1711இலேயே டம்மர் தன் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

யேல் கொடுத்தது இவ்வளவு: ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஒன்று, அரச சின்னம் ஒன்று. சரக்கைப் பாஸ்டனில் விற்றதில் 562 பவுண்டு 12 ஷில்லிங் கிடைத்தது. 1718 செப்டம்பர் பட்டமளிப்பில் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1745 சாசனத்தில்தான் "யேல் கல்லூரி" என்பது நிறுவனத்தின் சட்டப்படியான பெயரானது. "பல்கலைக்கழகம்" என்ற பெயர் 1887இல் வந்தது.

தவறுகள் நுழையும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம், திருத்த எளிதாக இருக்கும். "562.12 பவுண்டு" என்று அச்சாகிறது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். 12 ஷில்லிங் என்பது 0.60. எனவே புள்ளி போடாமல் பவுண்டு, ஷில்லிங் என்றே எழுதுங்கள். அதை இன்றைய ரூபாய்க்கு மாற்றிக் கோடிக்கணக்கில் தலைப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். மாதரின் கடிதத்துக்குச் சிலர் 1717 என்றும் சிலர் 1718 என்றும் ஆண்டு கொடுக்கிறார்கள். அக்கால ஆங்கிலேயர் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரியில் எழுதிய கடிதம் பழைய கணக்கில் 1717, நம் கணக்கில் 1718. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

"மதராஸ் துணி மூட்டைகளால் எழுந்த கல்லூரி" என்ற தலைப்பும் பாதிதான் சரி. பொதிகளில் காலிகோ, மஸ்லின் என்ற பருத்தித் துணிகள் இருந்தன. கூடவே லினனும் கம்பளித் துணியும் இருந்தன. எல்லாம் லண்டனிலிருந்து கப்பலேறியவை. "ஆளுநராக இருந்தபோது வழங்கினார்" என்பதோ முழுத் தவறு. 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக மதராஸ் வந்தார், 1687இல் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவரானார் (அதாவது ஆளுநரானார்), முறைகேட்டுப் புகார்களுக்கிடையே 1692இல் பதவியிழந்தார், 1699இல் ஊரைவிட்டுப் போனார். நன்கொடை அதற்கும் 19 ஆண்டுகள் கழித்து.

இனி, எங்களுக்கு மிகவும் வலிக்கும் இடம். அவர் தலைவராக இருந்தபோது, ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற விதி கோட்டையில் நடைமுறையில் இருந்தது. ஏற்றப்பட்டவர்கள் இந்தக் கரையின் மனிதர்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. 1688இல் அந்த வணிகத்துக்குத் தடை வந்ததை வைத்து "யேல் அடிமை வணிகத்தை ஒழித்தார்" என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். முந்தைய ஆண்டுதான் கோல்கொண்டா மொகலாயர் கைக்குப் போயிருந்தது. அவர்களுடைய எதிர்ப்புக்குப் பணிந்து வந்த தடை அது. கருணையால் வந்ததாக எழுதுவது, கப்பலேற்றப்பட்டவர்களுக்கு இன்னொரு முறை இழைக்கும் அநீதி.

யேல் பல்கலைக்கழகமே இதைப் பேசத் தொடங்கிவிட்டது. கழுத்தில் உலோக வளையம் பூட்டிய ஒரு சிறுவன் பின்னால் நிற்க, எலிஹு யேல் மேசையருகே அமர்ந்திருக்கும் ஓவியத்தை 2020இல் அங்குள்ள கலைக்கூடம் சுவரிலிருந்து இறக்கி, அந்தச் சிறுவனைப் பற்றி ஆராய்ந்தது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காகப் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் முறையாக மன்னிப்புக் கேட்டது. அவர்கள் வெட்கத்தோடு பேசுவதை நாம் பெருமையாக அச்சிட்டுக்கொண்டிருக்கலாமா? உலகப் புகழ்பெற்ற பெயர் ஒன்று நம் ஊரோடு ஒட்டினால் போதும், அந்த ஆள் இங்கே என்ன செய்தார் என்று கேட்காமலே மாலை போடும் பழக்கம் நமக்கு எப்போது வந்தது? சாலைப் பெயர்களிலும் சிலைப் பீடங்களிலும் இதே கதைதான். அது வேறு மடலுக்கு உரியது. கோபத்தில் சொல் நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜான் ஹார்வர்டும் ஹார்வர்டை நிறுவியவர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அடுத்த ஆண்டு அந்தக் கேள்வி வரக்கூடும். மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1636இல் 400 பவுண்டு ஒதுக்கித் தொடங்கிய கல்லூரி அது. 1638இல் இறந்த ஜான் ஹார்வர்ட் தன் சொத்தில் பாதியையும் 400 அளவிலான நூல்களையும் விட்டுப்போனார். மறு ஆண்டு கல்லூரி அவர் பெயரைப் பெற்றது.

அமெரிக்கக் கல்லூரிக்கும் மதராஸுக்கும் தொடர்பு காட்டும் கேள்வி ஒன்று வேண்டுமென்றால் நதானியேல் ஹிக்கின்சனைக் கேளுங்கள். ஹார்வர்டில் 1670இல் பட்டம் பெற்றவர். 1688இல் மதராஸ் மாநகராட்சியின் முதல் மேயர். 1692இல் யேல் விட்ட இடத்துக்கு வந்தவரும் அவரே. இத்தனை நல்ல கேள்வி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே மீண்டும் கேட்கிறோம். "நிறுவினார்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உங்கள் இணையப் பக்கங்களில் இருக்கும் பழைய கட்டுரைகளிலும் மாற்றுங்கள்; பிள்ளைகள் தேடும்போது முதலில் கண்ணில் படுவது அவைதான். அந்த வினாவுக்கான மதிப்பெண்ணை எல்லோருக்கும் வழங்குங்கள், அல்லது வினாவையே நீக்கிவிடுங்கள். உங்கள் வேலையைக் குறைக்க, திருத்தக் குறிப்பை நாங்களே எழுதித் தருகிறோம். அப்படியே அச்சிடலாம்:

"யேல் கல்லூரியை எலிஹு யேல் நிறுவியதாக வெளியிட்டிருந்தோம். அது தவறு. 1701இல் கனெக்டிகட் சட்டமன்றத்தின் சட்டத்தால் தொடங்கப்பட்டு, பத்துப் பாதிரிமார்களின் பொறுப்பில் நடந்த கல்லூரி அது. முதல் தலைவர் ஆபிரகாம் பியர்சன். 1718இல் எலிஹு யேல் அளித்த நன்கொடைக்காக அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் மதராஸ் கோட்டையின் தலைவராக இருந்த காலத்தில் இங்கிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். தவறுக்கு வருந்துகிறோம்."

இப்படிக்கு,
கல்லூரி வரலாறுகளைப் படித்துவரும் சில வாசகர்கள்