முட்டம் கடலில் வழி காட்டிய அண்ணனுக்கு

போன மாசி மாதம் ஒரு ராத்திரி, முட்டத்துக்குத் தெற்கே எங்கள் வள்ளத்தின் பக்கத்தில் வந்து நின்ற அண்ணனுக்கு இந்த நன்றி. பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை.

மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்து இன்ஜின் நின்றுவிட்டது. ஜிபிஎஸ் நனைந்து அணைந்துபோனது. மூடாப்பில் கலங்கரை விளக்கமும் தெரியவில்லை. வடக்கைக் காட்டும் துருவ நட்சத்திரம் நம் பக்கம் அடிவானத்திலிருந்து 8 பாகை (டிகிரி) உயரம்தான். தெளிந்த வானத்திலேயே அதைப் பிடிப்பது கஷ்டம்.

நீங்கள் டேங்கைக் கழுவி, உங்கள் நீலக் கேனிலிருந்து ஐந்து லிட்டர் ஊற்றினீர்கள். அப்புறம், "மக்கா, கண்ண மூடிட்டுப் பலகையில படு. பெரிய அலை எந்தப் பக்கம் தூக்குதுன்னு முதுகு சொல்லும்" என்றீர்கள். படுத்தேன். மேலே காற்று கலைத்த சிற்றலைகள், அடியில் ஒரே சீராகத் தூக்கித் தாழ்த்தும் நீண்ட அலை. "அது தெக்க இருந்து வருது. அத முதுகுல வச்சு ஓட்டு."

அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வளைகுடா வேலையும் போய், கடனோடு என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தேன். அதை உங்களிடம் சொல்லி அழுதேன். கரை வெளிச்சம் தெரியும்வரை பேச்சுக் கொடுத்தபடியே கூட வந்தீர்கள்.

இப்போது தினமும் கடலுக்குப் போகிறேன் அண்ணே. உங்கள் கேன் எங்கள் திண்ணையில் இருக்கிறது, வாங்க.