கீசர் வாங்கும் முன் சுவருக்குள் இருக்கும் ஒயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி நெருங்கியதும் உங்கள் நாளிதழில் கீசர் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. விலை, தவணை, எத்தனை லிட்டர் எல்லாம் போடுகிறார்கள். எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று மட்டும் போடுவதில்லை. வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கடையில் இன்ஸ்டன்ட் கீசர் (தண்ணீர் ஓட ஓடச் சூடாக்குவது) கேட்டால் பெரும்பாலும் 3 கிலோவாட், 4.5 கிலோவாட் என்று இரண்டை எடுத்து வைப்பார்கள். "பெரிசாவே வாங்கிக்கோங்க சார், சீக்கிரம் சூடாகும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் 13 ஆம்பியர் இழுக்கும்; ஒழுங்காகப் போட்ட 16 ஆம்பியர் பாயின்ட் அதைத் தாங்கும். 4.5 கிலோவாட் என்றால் கிட்டத்தட்ட 20 ஆம்பியர். அதை 16 ஆம்பியர் ப்ளக்கில் செருகவே கூடாது.

செருகினால் என்ன ஆகும் என்பதை அயனாவரத்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். "தம்பி, எம்.சி.பி. அடிக்கடி விழுது, பெரிசா ஒண்ணு போட்டுக் குடுப்பா" என்று அந்த வீட்டு அம்மா கூப்பிட்டிருந்தார். எம்.சி.பி. என்பது லோடு அதிகமானால் தானே விழுந்து கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச். பாத்ரூம் ப்ளக்கைப் பிடுங்கினால் ஒரு பின் கறுத்துக் கிடக்கிறது. சாக்கெட்டில் கரன்ட் வரும் ஃபேஸ் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறிக் கொப்புளித்திருந்தது. பிளேட்டைக் கழற்றினேன், பின்னால் ஒயரின் மேலுறை விரல் பட்டதும் உதிர்ந்தது. பழைய ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், அதே லைனில் வாஷிங் மெஷினும் ஓடுகிறது. அவர் கேட்டபடி 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால் அது விழாமல் நின்றிருக்கும், சுவருக்குள் ஒயர் எரிந்திருக்கும். "எம்.சி.பி.யில் ஒரு குறையும் இல்லைம்மா, ஒயரைத்தான் மாற்ற வேண்டும்" என்று சொல்லி அன்றைக்கே லைனை நிறுத்திவிட்டு வந்தேன். தயவுசெய்து யாரும் ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்காதீர்கள்.

சரி, சென்னைக்கு 4.5 தேவையா? மார்கழி விடியற்காலையில்கூட நம் மேல்தொட்டித் தண்ணீர் பெரும்பாலும் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் திறந்தால், 3 கிலோவாட் கீசர் அதை 14 டிகிரி ஏற்றி 39 டிகிரியில் தரும். குளிக்க அந்தச் சூடு போதும். 15 லிட்டர் வாளி ஐந்து நிமிடத்தில் நிறையும், செலவு கால் யூனிட். நம்மில் பெரும்பாலோர் இன்னும் வாளியும் மக்கும்தானே.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள எலக்ட்ரிக் ஷவரைப் பார்த்துவிட்டு "8.5 கிலோவாட் போடலாமா அண்ணே?" என்று கேட்கிறார்கள். பிரிட்டனில் குளிர்காலக் குழாய்த் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே போய்விடும், அதனால் அவர்களுக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது. அங்கேயும் அதைப் ப்ளக்கில் செருகுவதில்லை, தனியாகத் தடித்த கேபிள் இழுத்துத்தான் கொடுக்கிறார்கள். 8.5 கிலோவாட் என்பது 37 ஆம்பியர். இங்கே சிங்கிள் ஃபேஸ் வீட்டில் அதை நினைக்கவே வேண்டாம்.

மழை மாதிரி கொட்டுகிற பெரிய ஷவர்தான் வேண்டும் என்றால் 4.5-ம் பற்றாது. நிமிடத்துக்கு 6 லிட்டர் போனால் 11 டிகிரிகூட ஏறாது. அவர்களுக்கு 2 கிலோவாட் போட்ட 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர்தான் (தொட்டியில் சேர்த்து வைத்துச் சூடாக்குவது) சரி. 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர இருபது நிமிடம் ஆகும், ஆனால் இழுப்பது 9 ஆம்பியர்தான். பச்சைத் தண்ணீர் கலந்து தாராளமாகக் குளிக்கலாம்.

இல்லை, 4.5-தான் என்றால் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் காப்பர் ஒயர், தனி எம்.சி.பி., ப்ளக் இல்லாமல் நேராக, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச். ஈ.பி.யில் வாங்கியிருக்கும் லோடும் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கீசராக இருந்தாலும் எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், ஈரக் காலோடு நிற்கிற இடம் அது. போர் தண்ணீர் வீடுகளில் காயிலில் உப்பு படிந்து சூடு குறையும். அதைப் பார்த்துவிட்டுப் பவர் பற்றவில்லை என்று பெரிய கீசர் வாங்குகிறவர்களும் உண்டு. காயிலைச் சுத்தம் செய்தாலே போதும்.

வாடகை வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். குடியிருப்பவர் ஓனரைக் கேட்காமல் மாட்டுகிறார், சுவருக்குள் என்ன ஒயர் இருக்கிறது என்று ஓனரும் சொல்வதில்லை.

கடைக்காரர்கள் விலைச் சீட்டிலேயே எத்தனை ஆம்பியர், எத்தனை ஸ்கொயர் ஒயர் என்று தமிழில் எழுதி ஒட்டட்டும். கீசர் விளம்பரங்களில் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கிப் போடும்படி உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லைசென்ஸ் பெற்ற வயர்மேன் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.