ஆடு தின்னாததை நாம் தின்னலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில் சிறுநீரக நோய்க்கான துணைச் சிகிச்சைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கால் பக்கம் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்பைக் குறைக்கவும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும், வலி மாத்திரையை வாரி விழுங்க வேண்டாம். எல்லாம் சரி. அப்புறம் வருகிறது அந்த ஒரு வரி: "சீன மருந்துகளைப் போலன்றி, நம் மூலிகைகள் சிறுநீரகத்துக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை."

என் மனைவி கண்ணில் படக்கூடாதென்று அந்தத் தாளை மட்டும் உருவி மடித்து வைத்தேன். பயனில்லை. எனக்கு முன்பே படித்துவிட்டாள். "அப்போ என் பொட்டாசியம் ஏறினது சீனாக்காரன் வேலையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்பி வைக்கிறேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு இருபது வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. பலதுறை மருந்தகத்தில் மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று போய்க்கொண்டிருந்தது. 2018இல் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவு, 220. சிறுநீரக நோயின் நான்காம் கட்டம், இனி கவனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். கவனமாகத்தான் இருந்தோம். அந்தச் சமயத்தில் ஊருக்குப் போய் வந்த மைத்துனர் ஒரு பாட்டில் பொடி கொண்டுவந்தார். காலையிலும் இரவிலும் ஒரு கரண்டி வெந்நீரில். பாட்டிலில் ஒரு பிள்ளையார் படம், "100 சதவீதம் மூலிகை" என்று ஒரு வரி, வேறொன்றும் இல்லை. பாசத்தோடு கொண்டுவந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. அது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஏழாவது வாரம் கால் மரத்துப்போய்க் குளியலறையில் விழுந்தாள். அவசரப் பிரிவில் பார்த்தபோது பொட்டாசியம் 6.8, கிரியேட்டினின் 430. இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று அன்றிரவே டயாலிசிஸ் போட்டார்கள். இளம் டாக்டர் ஒருவர் என்னிடம் மூன்று முறை கேட்டார்: "அந்தப் பொடியில் என்ன இருக்கிறது, அங்கிள்?" பாட்டிலை நீட்டினேன். பிள்ளையாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். பொடிதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்கள். கிரியேட்டினின் பழைய அளவுக்கு இறங்கவே இல்லை. சில மாதத்தில் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்து, வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் என்று ஆகிவிட்டது. இன்றுவரை அப்படித்தான்.

சீன வைத்தியம் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு உடம்பெல்லாம் நமைச்சல் எடுக்கும். ராத்திரி முழுக்கச் சீப்பை வைத்துச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பார்க்கச் சகிக்காமல் தனக்குத் தெரிந்த சின்சேயிடம், அதாவது சீன வைத்தியரிடம், எங்களைக் கூட்டிப்போனார். பொடி கொடுத்த பாடம் மனதில் இருந்ததால் நான் வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில் பேச்சு. அந்த மனிதர் இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம்: ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைத் தாள். பொட்டாசியம், பாஸ்பேட் எண்களை விரலால் தொட்டுப் படித்துவிட்டு, "மூலிகைக் கஷாயம் தரமாட்டேன். இவர் உடம்பு அதை வெளியேற்றாது" என்றார். அக்குபங்சர் ஊசி மட்டும் வைக்கலாம், ஃபிஸ்டுலா இருக்கும் கையைத் தொடமாட்டேன், டயாலிசிஸ் நாளில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றுவார்கள், அன்று வராதீர்கள், உங்கள் சிறுநீரக டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். டாக்டரும் சரி என்றார்.

பத்து வாரம் போனோம். நமைச்சல் பாதியாகக் குறைந்தது. ஊசியாலா, அதே சமயம் டாக்டர் மாற்றிய, பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரையாலா என்று எனக்குத் தெரியாது. சின்சேயும் தன்னால்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தூங்கினாள், அது போதும். துணைச் சிகிச்சை என்று நீங்கள் தலைப்புப் போட்டீர்களே, எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாக நடந்துகொண்டவர் அந்தச் சீனர்தான். அவர் பதிவுபெற்ற வைத்தியர். இங்கே சிங்கப்பூரில் சீன வைத்தியர்களுக்கென 2000ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது, பதிவு செய்யாமல் தொழில் பார்க்க முடியாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

சீன மருந்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். பெல்ஜியத்தில், பிரசல்ஸ் நகரில், உடம்பு மெலியவைக்கும் ஒரு கிளினிக்கில் மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு 1990களின் தொடக்கத்தில் வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் முதலில் எழுதியபோது 9 பேர், பிறகு நூறைத் தாண்டியது. காரணம் என்ன? ஹான் ஃபாங் ஜி என்ற மூலிகை போக வேண்டிய இடத்தில் குவாங் ஃபாங் ஜி என்ற மூலிகை போய்விட்டது. பெயரில் பாதி ஒன்று, செடி வேறு. இரண்டாவது செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைச் சுருக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும். முற்றிலும் செயலிழந்து எடுக்கப்பட்ட சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் சோதித்தபோது 39 பேரில் 18 பேருக்குப் புற்று இருந்தது. சீனா 2003இல் குவான் மு தோங் என்ற இதே இனக் கொடியை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. சிங்கப்பூரில் 2004 முதல் இந்தச் செடிகளுக்குத் தடை.

இப்போது உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு சின்னச் செய்தி. இந்த அமிலமுள்ள செடியினத்தின் பெயர் அரிஸ்டோலோகியா, அது சீனத்துச் சொத்தல்ல. நம் ஊர் ஈஸ்வரமூலி அரிஸ்டோலோகியாதான். ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டோலோகியாதான். பாம்புக்கடிக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்த செடிகள். ஆடே வாய்வைக்காது என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் பாட்டன்மார், உங்கள் நலவாழ்வுப் பக்கத்துக்குத்தான் படிக்க நேரமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இல் இந்த இனச் செடிகள் கலந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று முதல் பட்டியலிலேயே சேர்த்தது. அந்தப் பட்டியல் சீனச் செடி, தமிழ்ச் செடி என்று பிரித்துப் பார்க்கவில்லை. என் மனைவி சாப்பிட்ட பொடியில் அது இருந்தது என்று நான் சொல்லவில்லை. என்ன இருந்தது என்று யாருக்குமே தெரியவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. சீன வைத்தியர் "கிட்னி பலவீனம்" என்றால் அது நம் டாக்டர் சொல்லும் கிட்னி அல்ல என்பதைக் கட்டுரையில் ஓரிடத்திலும் சொல்லவில்லையே? அவர்கள் கணக்கில் சிறுநீரகம் எலும்பையும் காதையும் தலைமுடியையும் பிள்ளைப்பேற்றையும் பார்த்துக்கொள்வது, நீருக்குரியது, பயம் குடியிருக்கும் இடம். இடுப்பு வலித்து, கால் சில்லிட்டால் கிட்னி பலவீனம் என்பார்கள். இது புரியாமல் எங்கள் புளோக்கில் ஒருவர் கிட்னி போய்விட்டதென்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். அவர் கிரியேட்டினின் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே கிட்னி கெட்டவர் "சின்சே சரியாகிவிட்டது என்றார்" என்று மாத்திரையை நிறுத்துவதும் நடக்கிறது. ஹாங்காங்கில் சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்த நூற்றுச்சொச்சம் பேரில் ஒரு பாதிக்கு ஹுவாங் சீ என்ற சீன மூலிகையின் வேரைக் கொடுத்து 48 வாரம் பார்த்தார்கள், தளர்ச்சியின் வேகம் சற்று மட்டுப்பட்டது. ஆனால் வழக்கமான மருந்தை ஒருவருக்கும் நிறுத்தவில்லை. எழுதுவதானால் இப்படி எழுதலாமே.

கோபத்தில் பழையதெல்லாம் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும். மூன்று வருஷத்துக்கு முன் கோடைகாலப் பானங்கள் என்று நட்சத்திரப் பழச் சாறு செய்முறை போட்டீர்கள். பெலிம்பிங் என்று இங்கே சொல்லும் அந்தப் பழம் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு விஷம். முதலில் விக்கல் வரும், நிற்காது. அப்புறம் குழப்பம், வலிப்பு, உயிரே போகும். டயாலிசிஸ் மையத்தில் என் மனைவிக்கு அடுத்த படுக்கைக்காரர் இரண்டு பழம் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் விக்கி விக்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நாலு வரியாகச் சுருக்கி, "வாசகர் ஒருவர் பழங்களை அளவோடு உண்ண அறிவுறுத்துகிறார்" என்று போட்டீர்கள். அளவோடு! அதே பக்கத்தில் கீழே, கல் கரைக்கும் சூரணத்துக்குக் கால்பக்க விளம்பரம். அதில் "மருத்துவர் ஆலோசனை பெறவும்" என்ற வரியை என் பேரன்தான் படித்துச் சொன்னான், எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. பொங்கல் மலரில் இளநீர் சிறுநீரகத்தைக் கழுவும் என்று வந்ததைப் பற்றி நான் எழுதவே இல்லை. இளநீரில் எவ்வளவு பொட்டாசியம் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும் என்று நம்பினேன்.

31 வருஷமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். தமிழில் ஒரு தாள் வரவேண்டும் என்பதற்காகவே வாங்குகிறேன். அந்தத் தமிழில்தான் என் மைத்துனரும் படிக்கிறார், அடுத்த மாதம் மறுபடி ஊருக்குப் போகிறார்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரித் திருத்தம். நம் மூலிகைகளிலும் சிறுநீரகத்தைக் கெடுப்பவை உண்டு என்பது ஒரு வரி. பெயர் எழுதாத பொடியை வாங்காதீர்கள், எதைச் சாப்பிட்டாலும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள் என்பது இரண்டாவது வரி. இடம் இல்லை என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம், என் ராசியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தையும் சுருக்குவீர்கள் என்று தெரியும். சுருக்குங்கள், பெலிம்பிங்கை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்